நாற்பதாவது படத்தில் நிற்கும் லேப்டாப்

கேள்வி: விருதுநகர் மாவட்டம், திருச்சுழி தாலுகா, வீரசோழனிலிருந்து எழுதுகிறேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஊரில்தான் இருக்கிறேன். எங்கள் நரிக்குடி ஒன்றியத்துக் கண்மாய்கள் எந்த வருஷம் பெருகின, எந்த மாதம் வற்றின என்று சாட்டிலைட் படங்களை வைத்துக் கணக்கெடுத்து வருகிறேன். தூர்வாரச் சொல்லி விவசாயிகள் மனுக் கொடுக்கப் போகும்போது கையில் ஆதாரம் இருக்கட்டும் என்றுதான். 2017-லிருந்து வந்த சென்டினல்-2 படங்களில் மேகம் குறைந்ததாகப் பொறுக்கியதில் முந்நூற்றுச் சொச்சம் தேறியது. பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். அது ஒவ்வொரு படமாகத் திறந்து, தண்ணீர்ப் பரப்பைக் கணக்குப் போட்டு, வரைபடம் ஒன்றும் வரைந்து சேமிக்கும். ராத்திரி ஓட விட்டுவிட்டுப் படுப்பேன். முதல் இருபது படம் சிட்டாய்ப் பறக்கும். பிறகு மெள்ள மெள்ள இழுக்கும். நாற்பது, நாற்பத்தைந்தில் மவுஸ்கூட நகராது. காலையில் பார்த்தால் திரையில் ‘கில்டு’ என்று ஒரே ஒரு சொல்.

லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், உபுண்டு. நண்பன் ஒருவன், “இது மெமரி லீக், ஜிடால் லைப்ரரியில்தான் கோளாறு” என்கிறான். இன்னொருவர் ‘ஜிசி கலெக்ட்’ போடச் சொன்னார், போட்டும் பலனில்லை. 16 ஜிபியாக மாற்றினால் சரியாகிவிடுமா? ஸ்கிரிப்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், வீரசோழன்

பதில்: ரேமுக்கென்று எடுத்து வைத்த காசு அப்படியே இருக்கட்டும், தம்பி. உங்கள் ஸ்கிரிப்டில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் பின்னிக்கிடக்கின்றன. ஒன்று லீக்கே இல்லை, படத்தின் பருமன். மற்றது லீக்தான், ஆனால் நண்பர் சொல்கிற இடத்தில் இல்லை. அது படங்களை ஒவ்வொன்றாக ஓட்ட நீங்கள் எழுதிய ‘லூப்’ வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மருந்து போட்டால் எதற்கும் கேட்காது. (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது வழக்கம்போல் தட்டிக்கொள்ளுங்கள்.)

முதலில் அந்தக் ‘கில்டு’. அதைச் சொன்னது பைத்தான் இல்லை. ரேமும் ஸ்வாப்பும் தீர்ந்து, இனி ஒதுக்க இடமே இல்லை என்றானதும் லினக்ஸ் கர்னல் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களுக்கு மதிப்பெண் போட்டு, அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைத் தீர்த்துக்கட்டிவிடும். அதனால்தான் எந்த வரியில் விழுந்தது என்ற தடயம்கூட உங்களுக்குக் கிடைக்கவில்லை. காலையில் எழுந்ததும் ‘டி-மெசேஜ்’ கட்டளையைப் போட்டு ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று தேடுங்கள். கொல்லப்பட்ட புரோகிராமின் பெயரும், சாகும்போது அது எவ்வளவு ரேமைப் பிடித்திருந்தது என்ற எண்ணும் அதே வரியில் இருக்கும். பைத்தான் பெயர் அங்கே இருந்தால் பிரச்சினை மெமரிதான் என்பது உறுதி. இல்லையென்றால் வேறு பக்கம் தேட வேண்டும். விழுவதற்கு முன் லேப்டாப் இழுத்ததற்குக் காரணம் ஸ்வாப். ரேமில் இடமில்லாததை டிஸ்கில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்துவருகிற வேலை அது.

இன்னொன்று. ‘ஃப்ரீ’ என்று தட்டிப் பார்த்து, அந்தப் பெயருள்ள பத்தியில் எண் குறைந்துகொண்டே போகிறதே என்று பலர் பதறுகிறார்கள். லினக்ஸ், படித்த கோப்புகளைக் காலி ரேமில் போட்டு வைத்திருக்கும். கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது கடைசியில் இருக்கும் ‘அவைலபிள்’ பத்தி.

சரி, பருமனுக்கு வருவோம். சென்டினல்-2 படம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத் துண்டாக வருகிறது. நீங்கள் எடுக்கும் பச்சைப் பட்டையும் அகச்சிவப்புப் பட்டையும் 10 மீட்டர் துல்லியம் கொண்டவை. ஆக, ஒரு பட்டைக்கு 10,980-க்கு 10,980 பிக்சல். 12 கோடியே 5 லட்சத்துக்கு மேல். ஒரு பிக்சலுக்கு 2 பைட், எனவே 241 மெகாபைட். டிஸ்கில் கோப்பு சுருங்கிக் கிடப்பதால் இதைவிடச் சின்னதாகத் தெரியும். அந்த அளவை வைத்து ரேமைக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

உங்கள் ஸ்கிரிப்ட் அதைப் படித்த கையோடு ‘ஏஸ்டைப் ஃப்ளோட்’ என்று மாற்றுகிறது. பைத்தானில் வெறும் ஃப்ளோட் என்றால் பிக்சலுக்கு 8 பைட். 241 மெகாபைட் அங்கேயே 964 ஆகிவிட்டது. இரண்டு பட்டைக்கும் சேர்த்து 2 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீரைக் கண்டுபிடிக்க நீங்கள் போட்டிருப்பது மெக்ஃபீட்டர்ஸ் 1996-இல் முன்வைத்த சூத்திரம்: பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. ஒரே வரிதான். ஆனால் அந்த வரி ஓடும்போது கழித்ததற்கு ஒரு 964, கூட்டியதற்கு ஒரு 964 என்று இடைக்கால அடுக்குகள் நம்பை லைப்ரரிக்குள் உருவாகின்றன. போதாததற்கு, போன படத்தின் விடை பழைய பெயரிலேயே இன்னும் ரேமில் இருக்கிறது. புது விடை தயாராகி அந்தப் பெயரில் ஏறும்வரை பழையதைப் பைத்தான் விடாது. கூட்டிப் பாருங்கள், 5 ஜிபியைத் தொடும். உபுண்டுவும் பிரவுசரும் எடுப்பது போக 8 ஜிபியில் உங்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். முதல் படத்திலேயே நீங்கள் விளிம்பில் நிற்கிறீர்கள். இது லீக் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஏறும், முடிந்ததும் இறங்கும்.

கண்மாயைக் கணக்கெடுக்கிறவருக்குக் கண்மாயை வைத்தே சொல்லிவிடலாம். மழைக்குப் பெருகி மடை வழியே வடிந்துபோகிற தண்ணீர் ஒன்று. வருஷா வருஷம் அடியில் தங்கிப்போகிற வண்டல் மற்றொன்று. இதுவரை நான் சொன்னது தண்ணீர்.

இந்த உச்சத்தைக் குறைப்பது சுலபம். ‘ஃப்ளோட்32’ என்று எழுதினால் பாதியாகும். இந்தக் கணக்குக்கு அந்தத் துல்லியம் தாராளம். இதைச் சொன்னதும் சிலர், “மாற்றவே வேண்டாமே, 2 பைட்டாகவே கழித்துவிடலாமே” என்று கிளம்புவார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். படம் வருவது மைனஸ் தெரியாத எண் வகையில். காய்ந்து கிடக்கும் செடிகொடியுள்ள தரையில் பச்சை 900, அகச்சிவப்பு 2,500 என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 1,600 வர வேண்டிய இடத்தில் 63,936 என்று விடை வரும். பைத்தான் மூச்சுவிடாது. திருச்சுழி வட்டாரமே கடலாகத் தெரியும், நீங்களும் மனுவில் எழுதிவிடுவீர்கள்.

ஃப்ளோட்32-ஐவிடப் பெரிய லாபம் வேறொன்றில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது நரிக்குடி ஒன்றியம். தூக்கிச் சுமப்பதோ 110 கிலோமீட்டர் சதுரம். படத்தைத் திறக்க நீங்கள் வைத்திருக்கும் ராஸ்டீரியோ லைப்ரரியில் ‘விண்டோ’ கொடுத்து வேண்டிய பரப்பை மட்டும் படிக்கலாம். வீரசோழனை நடுவில் வைத்து 25 கிலோமீட்டர் சதுரம் எடுத்தால் 2,500-க்கு 2,500 பிக்சல்; ஃப்ளோட்32-இல் 25 மெகாபைட். 964 எங்கே, 25 எங்கே. அதோடு, வட்டத்துக்குள் இருக்கும் வரிகள் அத்தனையையும் தூக்கி ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டுவிடுங்கள். ஃபங்ஷன் முடிந்ததும் உள்ளே இருந்த பெயர்கள் போய்விடும். போன படத்தின் மிச்சம் அடுத்த படத்தின் தலையில் ஏறாது.

இது மட்டும் செய்தாலே உங்கள் லேப்டாப் முந்நூறையும் தாண்டி ஓடிவிடக்கூடும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. லீக் உள்ளேயே இருக்கும், வெளியே தெரியாது. அடுத்த வருஷம் விருதுநகர் மாவட்டம் முழுவதற்கும் என்று பரப்பை விரிப்பீர்கள், மறுபடி ராத்திரியில் விழும். ஆகவே கண்டுபிடித்துவிடுவோம்.

லீக்கா இல்லையா என்பதை ஒரே ஒரு எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 6 ஜிபி பிடித்திருக்கிறது என்றால் அதில் ஒன்றும் தெரியாது. அந்த எண் போகிற போக்கைத்தான் பார்க்க வேண்டும். ‘பிஎஸ்-யுடில்’ என்ற சின்ன லைப்ரரி உங்கள் புரோகிராம் அந்த நொடியில் எவ்வளவு ரேமில் இருக்கிறது என்று சொல்லும். ஒவ்வொரு படமும் முடிந்து ஃபங்ஷனுக்கு வெளியே வந்த பிறகு, எப்போதும் அதே இடத்தில், அந்த எண்ணை ஒரு கோப்பில் எழுத விடுங்கள். ஒரு தடவை கணக்குக்கு நடுவில், ஒரு தடவை முடிந்த பின் என்று மாற்றி மாற்றி அளந்தால் ஏற்ற இறக்கம்தான் தெரியும், அடிமட்டம் தெரியாது. நமக்கு வேண்டியது அடிமட்டம். முதல் நாலைந்து படத்தில் ஏறி, பிறகு சமமாகப் போனால் கவலையில்லை. லைப்ரரிகள் லோடு ஆவதும் கேஷ் நிரம்புவதும் அப்படித்தான் தெரியும். படத்துக்குப் படம் ஏறக்குறைய ஒரே அளவில் படிபோல ஏறிக்கொண்டே போனால் அங்கே ஏதோ தங்குகிறது.

இதில் ஒரு சூட்சுமம். வேறு வேறு படங்களை வைத்துச் சோதிக்காதீர்கள். ஒரே படத்தை, அதே கோப்பை, ஐம்பது தடவை ஓட விடுங்கள். வேறு வேறு படம் என்றால் “இந்தத் தேதிப் படம் பெரிசு, அதில் மேகம் அதிகம்” என்று காரணம் சொல்லிக்கொண்டே போகலாம். ஒரே படம் ஐம்பது தடவையும் ஒரே வேலைதானே செய்கிறது? அதிலும் ஏறினால் தட்டிக்கழிக்க வழியே இல்லை. பிறகு வேலையைப் பாதியாக வெட்டுங்கள். படத்தைத் திறந்து மூடுவது மட்டும் ஐம்பது தடவை. ஏறவில்லையா? அதோடு கணக்கைச் சேர்த்து ஐம்பது. அப்புறம் சேமிப்பு. அப்புறம் வரைபடம். எதைச் சேர்த்ததும் படி ஏறத் தொடங்குகிறதோ அங்கே கையை வையுங்கள்.

உங்கள் ஸ்கிரிப்டில் வரைபடத்தைச் சேர்த்ததும் ஏறும் என்று இங்கிருந்தே சொல்கிறேன். வட்டத்துக்குள் ‘பிஎல்டி ஃபிகர்’ என்று ஒவ்வொரு தேதிக்கும் புதிய படம் திறக்கிறீர்கள், வரைகிறீர்கள், சேமிக்கிறீர்கள், மூடவில்லை. வரைபடம் வரையும் மேட்பிளாட்லிப் லைப்ரரியின் பைப்ளாட் பகுதி, தான் திறந்த ஒவ்வொரு படத்தையும் தன் பதிவேட்டில் வைத்திருக்கும். ‘க்ளோஸ்’ சொல்லும்வரை அது யாருக்கும் விட்டுத்தராது. வரைபடத்துக்கென்று நாலு பிக்சலுக்கு ஒன்றாக எடுத்திருக்கிறீர்கள், நல்லது. அப்படியும் 2,745-க்கு 2,745. பிக்சலுக்கு 8 பைட். சுமார் 60 மெகாபைட். அதன் பிரதி ஒன்று ஒவ்வொரு படத்தோடும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. நாற்பது படத்துக்கு 2,400 மெகாபைட். ஏற்கெனவே விளிம்பில் நின்ற லேப்டாப் ஏன் நாற்பது, நாற்பத்தைந்தில் விழுகிறது என்பதற்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. 16 ஜிபி கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கூடுதல் 8 ஜிபிக்குள் 60 மெகாபைட் வீதம் இன்னும் 130, 140 படம் போகும். உங்களிடம் முந்நூற்றுக்கு மேல். விழுகிற நேரம் நடுராத்திரியிலிருந்து விடியற்காலைக்கு மாறும், அவ்வளவே.

‘ஜிசி கலெக்ட்’ ஏன் கைகொடுக்கவில்லை என்பதும் இப்போது விளங்கும். யாரும் கையில் பிடித்திராத பொருளைத்தான் அது அள்ளிக்கொண்டு போகும். இங்கே பைப்ளாட் கையில் பிடித்திருக்கிறது. பைத்தானைப் பொறுத்தவரை அது குப்பையே இல்லை.

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்த வரி ஒன்று உண்டு. ஸ்கிரிப்டின் தலையிலேயே, எச்சரிக்கைகள் எதுவும் திரையில் வரக் கூடாது என்று ‘இக்னோர்’ போட்டு வைத்திருக்கிறீர்கள். ஏன் போட்டீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. துண்டின் ஓரத்தில் தகவல் இல்லாத இடங்களில் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும்போது நம்பை ஒவ்வொரு முறையும் முணுமுணுத்திருக்கும். எரிச்சலில் வாயை அடைத்துவிட்டீர்கள். ஆனால் மேட்பிளாட்லிப், 20 படத்துக்கு மேல் திறந்து கிடந்தால் மெமரி தீர்ந்துவிடலாம் என்று தானாகவே எச்சரிக்கும். உங்கள் நோயின் பெயர், காரணம், மருந்து மூன்றும் அந்த ஒரு வரி எச்சரிக்கையில் இருக்கிறது. இருபத்தோராவது படத்தில் அது சொல்லியிருக்கும். நீங்கள் கேட்காமல் செய்துவிட்டீர்கள். அந்த இக்னோரை எடுத்துவிட்டு, வகுக்கும் வரிக்கு மட்டும் நம்பையின் ‘எர்-ஸ்டேட்’டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து: சேமித்ததும் ‘பிஎல்டி க்ளோஸ்’, அடைப்புக்குள் அந்த ஃபிகரின் பெயர். ராத்திரியில் யாரும் பார்க்காத வேலைக்கு ஜன்னல் திறக்கத் தேவையில்லை என்பதால் ‘ஆக்’ பேக்எண்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். தலைப்பும் அளவுகோலும் இல்லாத வெறும் படம் போதுமென்றால் ‘இம்-சேவ்’ போதும். அது பதிவேட்டுப் பக்கமே போகாது.

நண்பர் சொன்ன ஜிடாலுக்கு வருகிறேன். ஃபிராங்க் வார்மர்டாம் 1998-இல் தொடங்கிய லைப்ரரி அது. சாட்டிலைட் படத்தைத் தொடும் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் அதுதான் இருக்கிறது, ராஸ்டீரியோவுக்கும் அதுதான். அதில் லீக்கே வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஜிடாலின் மீது விழும் பழியில் பாதி அதன் கேஷ் பற்றியது. படித்த துண்டுகளை அது ரேமில் வைத்திருக்கும்; இயல்பு வரம்பு மொத்த ரேமில் 5 சதவீதம், உங்கள் லேப்டாப்பில் 400 மெகாபைட். அதுவரை ஏறும், அங்கே நிற்கும். மறுபாதி, திறந்த கோப்பை மூடாமல் விடுவது. நீங்கள் ‘வித்’ போட்டு எழுதியிருக்கிறீர்கள், அதனால் அந்தப் பேச்சு உங்களுக்கு இல்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால் பைத்தான் 3.4-லிருந்து கூடவே வருகிற ‘ட்ரேஸ்-மேலாக்’கைப் போட்டுப் பாருங்கள். பைத்தான் பக்கத்தில் எந்த வரி எவ்வளவு மெமரியைப் பிடித்திருக்கிறது என்று அது பட்டியல் தரும். நம்பை அடுக்குகளும் அதில் தெரியும். சி++ வயிற்றுக்குள் ஜிடால் பிடிப்பது அதற்குத் தெரியாது. இந்தக் குறைதான் நமக்கு வசதி. பிஎஸ்-யுடில் எண்ணும் ட்ரேஸ்-மேலாக் எண்ணும் சேர்ந்து ஏறினால் பிடித்திருப்பது உங்கள் பைத்தான் வரிகளில் ஒன்று. பிஎஸ்-யுடில் மட்டும் ஏறி, ட்ரேஸ்-மேலாக் சமமாகப் போனால் அப்போது நண்பர் பக்கம் நியாயம் இருக்கலாம். அந்த நிலையில் பத்து வரிக்குள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், ஒரே ஒரு படம், லைப்ரரியின் பதிப்பு எண், இரண்டு எண்களின் வரைபடம் இவற்றோடு ஜிடால்காரர்களுக்கு எழுதுங்கள். வெறுமனே “மெமரி ஏறுகிறது” என்று எழுதினால் யாரும் சீந்த மாட்டார்கள்.

இந்த இடத்தில் சிலர், “பைத்தான் விட்டாலும் சிஸ்டத்துக்குத் திரும்பப் போகாது, அதனால்தான் ஏறினபடியே நிற்கிறது” என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். சின்னச் சின்னப் பொருள்கள் லட்சக்கணக்கில் இருந்தால் அது உண்மை. உங்களுடையது நூற்றுக்கணக்கான மெகாபைட் அடுக்குகள். அவ்வளவு பெரியவற்றை லினக்ஸ் தனித்தனியாக ஒதுக்கும், விட்டதும் அந்த நொடியே திரும்ப வாங்கிக்கொள்ளும். எண் இறங்கவில்லையென்றால் யாரோ பிடித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள்.

நீங்கள் இன்னும் விழாத பள்ளம் ஒன்றையும் காட்டிவிடுகிறேன், அடுத்து அங்கேதான் போவீர்கள். முழுப் படத்தின் விடையிலிருந்து உங்கள் ஊர்க் கண்மாய் அளவுக்கு ஒரு துண்டை நறுக்கி, தேதிவாரியாக ஒரு லிஸ்டில் சேர்க்கலாம் என்று தோன்றும். நம்பையில் நறுக்கிய துண்டு தனிப் பொருள் இல்லை. பெரிய அடுக்கையே பார்க்கும் ஜன்னல். துண்டு லிஸ்டில் இருக்கும்வரை 964 மெகாபைட்டும் கூடவே உயிரோடு இருக்கும். நாலைந்து தேதியிலேயே கதை முடிந்துவிடும். துண்டோடு ‘காப்பி’ சேர்த்து எழுதினால் தப்பித்தீர்கள்.

சின்ன லீக் ஒன்று கண்ணில் படாமல் போனதற்கு லண்டன் ஆம்புலன்ஸ் சேவை கொடுத்த விலை இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. 1992 அக்டோபர் 26-ஆம் தேதி அங்கே வண்டிகளை அனுப்பும் வேலையைக் கணினிக்கு மாற்றினார்கள். முதல் இரண்டு நாளில் அது பட்ட பாடு தனிக் கதை. நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குச் சற்றுப் பின் சிஸ்டம் இழுக்கத் தொடங்கி அப்படியே பூட்டிக்கொண்டது. விசாரணையில் தெரிந்தது இது: மூன்று வாரத்துக்கு முன் ஒரு புரோகிராமர் விட்டுவிட்டுப் போன ஒரு துண்டு கோடு, ஒவ்வொரு வண்டி புறப்படும்போதும் சர்வரில் கொஞ்சூண்டு மெமரியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்திருக்கிறது. ஒரு தடவைக்கு யாரும் மதிக்காத அளவு. சோதித்துப் பார்க்கிற ஒரு மணி நேரத்தில் அது தெரியவே தெரியாது. உங்கள் ஸ்கிரிப்டை ஐந்து படம் வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியதும் இந்த வகையில்தான்.

இவ்வளவும் செய்த பிறகும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முந்நூறு படத்தையும் ஒரே பைத்தானை நம்பி விட மாட்டேன். ஒரு புரோகிராம் முடிந்து வெளியேறினால் அது பிடித்திருந்த ரேம் மொத்தமும் சிஸ்டத்துக்குத் திரும்பும். இதில் எந்த லைப்ரரியும் தகராறு செய்ய முடியாது. ‘மல்ட்டிப்ராசஸிங் பூல்’ போட்டு ‘மேக்ஸ் டாஸ்க்ஸ் பெர் சைல்ட்’ என்பதை 1 என்று வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புதிய பிள்ளைப் புரோகிராம் பிறந்து, வேலை முடிந்ததும் போய்விடும். ஒரே நேரத்தில் ஓடும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். சொல்லாமல் விட்டால் ப்ராசஸருக்கு எத்தனை கோரோ அத்தனையைத் திறந்து, ஒரே நேரத்தில் அத்தனை படத்தையும் ரேமில் ஏற்றும். இதை லீக்குக்கு மருந்து என்று நினைக்க வேண்டாம். லீக்கோடு வாழ்கிற வழி இது. காரணம் உங்கள் கோடில் இருக்கும்போது இதை மட்டும் செய்து மூடிமறைப்பது எனக்குப் பிடிக்காது. காரணம் நீங்கள் தொட முடியாத லைப்ரரிக்குள் இருந்தால் தயங்காமல் செய்யுங்கள்.

ஓட விடுவதற்கு முன் அதே டெர்மினலில் ‘யூ-லிமிட்’ கட்டளையில் 5, 6 ஜிபி என்று ஒரு வேலி போடுங்கள். அதைத் தாண்டினால் லேப்டாப் உறையாது, கர்னலும் தலையிடாது. பைத்தானே ‘மெமரி எரர்’ என்று, எந்த வரியில் இடம் கேட்டு மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு விழும். ‘கில்டு’ என்ற ஒற்றைச் சொல்லைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்த லீக்கால் உங்களுக்கு உண்மையான நஷ்டம் தூங்காத ராத்திரிகள் மட்டும் இல்லை. கர்னல் கொல்லும் நொடியில் உங்கள் ஸ்கிரிப்ட் ஒரு ஜியோடிஃப் கோப்பைப் பாதி எழுதிக்கொண்டிருக்கலாம். எழுதாமல் விட்ட துண்டுகள் சில சமயம் பூஜ்யமாகவே படிக்கப்படும். கோப்பும் எந்தக் குறையும் சொல்லாமல் திறந்துகொள்ளும். உங்கள் கணக்கில் 1 என்றால் தண்ணீர், 0 என்றால் தரை. அதாவது பெருகிக் கிடந்த கண்மாய் அந்தத் தேதியில் பொட்டலாகப் பதிவாகிவிடும். உங்கள் ஸ்கிரிப்டோ, கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்தத் தேதியைத் தாண்டிப் போகும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தப் பிழை திருத்தப்படாமலே தங்கும். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேல் இருக்கும் கண்மாய்க்கு நீர்வளத் துறைக்கும், அதற்குக் கீழே உள்ளதற்கு ஊராட்சி ஒன்றியத்துக்கும் மனுப் போக வேண்டியிருக்கும். அங்கே ஒரு பொறியாளர், “இந்த மாதம் கண்மாய் பெருகியிருந்ததே, நீங்கள் வறண்டது என்று போட்டிருக்கிறீர்களே” என்று ஒரு தேதியைத் தொட்டுக் காட்டினால் மொத்த மனுவும் படுத்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் மேகம் கூடி நல்ல படமே அபூர்வமாகக் கிடைக்கிற மாதங்களில் ஒரு தேதி போனால் ஈடுகட்ட வேறு தேதியும் இருக்காது. சீமைக்கருவேல் மூடிய கண்மாயில் அடியில் தண்ணீர் நின்றாலும் மேலிருந்து பார்க்கும் சாட்டிலைட்டுக்கு மரம்தான் தெரியும். அந்தத் தலைவலியே உங்களுக்குப் போதுமானது.

எனவே இனிமேல் ஒவ்வொரு முடிவையும் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதாக எழுதி மூடிய பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். பாதியில் செத்தால் தற்காலிகப் பெயரோடு கிடக்கும். மறுமுறை ஓடும்போது ஸ்கிரிப்ட் அதை முடிந்ததாக எண்ணாது. கரண்ட் போனாலும் இதே பாதுகாப்பு. இதுவரை லேப்டாப் விழுந்த ஒவ்வொரு ராத்திரியிலும் கடைசியாக எழுதப்பட்ட கோப்பு எது என்று நேரத்தை வைத்துப் பாருங்கள். ஸ்கிரிப்டில் கை வைப்பதற்கு முன்னால் அவற்றை அழித்துவிடுங்கள்.